பாதையில் அழுத பாடகர்

வாவியின் அக்கரைக்கு ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிச்செல்லும் படகை நாங்கள் பாதை என்போம். குருமண்வெளியில் நான் அதில் ஏறியபோது, தொலைக்காட்சியில் பாடிப் பேரெடுத்த ஒருவர் ஓரமாக நின்றிருந்தார். மெலிந்த உடம்பு, நெற்றியை மறைத்த தொப்பி. யார் அருகில் வந்தாலும் முதலில் அவர்களுடைய கையைத்தான் பார்த்தார், பிறகுதான் முகத்தை.

முந்தின கிழமை அவருடைய அப்பா இறந்திருந்தார். செத்த வீட்டில் அவர் கண்ணீர் விடாமல் நின்ற வீடியோவை ஊரே பார்த்தது. ‘பெத்த தகப்பனுக்கு அழாதவனைப் பார்த்தா நம்மட பிள்ளைகள் வளர்றது?’ என்று யாரோ அதன் கீழே எழுதியிருந்தார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

“அப்பாட விசயம் கேள்விப்பட்டன் தம்பி” என்றேன்.

“முதல்ல ஃபோனைப் பைக்குள்ள வைங்க அண்ணன்.”

வைத்தேன்.

“அழுதிருந்தா நடிக்கிறான் எண்டிருப்பாங்க. அப்பாட முகத்தைப் பார்க்கக் குனிஞ்சா, சுத்திவர ஃபோன். எனக்கு அழ ஏலாமப் போயிற்று.”

சொல்லிவிட்டு வாவிப் பக்கம் திரும்பி, தோள் குலுங்க அழுதார். மண்டூர்க் கரை வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் ஓர் ஆறுதல் வார்த்தைகூடச் சொல்லவில்லை. எனக்குக் காட்டத்தான் அழுகிறாரோ என்று அப்போது யோசித்துக்கொண்டிருந்தேன்.