பிழைகளைப் படிப்பவர்

யார் எழுதிய கணினி ஸ்கிரிப்டாக இருந்தாலும் ரெமிஜியஸ் முதலில் பார்ப்பது வரியின் வாலைத்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொரு வரியும் எப்படி முடிகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே இறங்குவார். திரை முழுக்க ரேகைகள்.

வயது ஐம்பத்தொன்று. வீடு ஆஸ்டின் டவுன். எலெக்ட்ரானிக் சிட்டியில் லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் வேலை. இரண்டு பஸ் மாறி வந்து உட்காரும்போதே பாதி நாள் முடிந்துவிட்ட முகம். கேட்டால், "அதெல்லாம் பழகிடுச்சு" என்பார்.

சர்வரில் ஓடும் கட்டளைகள், செய்த வேலையையும் சொல்லும், முடியாமல் போனதையும் சொல்லும். வரியின் வாலில் ஒரு குறிப்பைச் சேர்த்தால், வேண்டாத பேச்சை 'டெவ் நல்' என்ற இடத்துக்குத் தள்ளிவிடலாம். அங்கே போனது திரும்பாது. இருபது வருடம் இரண்டையும் சேர்த்தே தள்ளினார் ரெமிஜியஸ். "வளவளன்னு பேசிகினே இருக்கும். யாரு படிக்கிறது?"

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் சர்வர் படுத்துவிட்டது. பேக்கப் நகலைத் தேடினால், நான்கு மாதமாக எடுக்கப்படவே இல்லை. டிஸ்க்கில் இடமில்லை என்று கட்டளை தினமும் சொல்லியிருக்கிறது. சொன்னதெல்லாம் டெவ் நல்லுக்குப் போயிருக்கிறது. நான்கு மாத முடிவுகள் போயின. பலரை மறுபடி வரவழைத்து ஊசி குத்த வேண்டியதாயிற்று.

கூட்டத்தில் மேலாளர் ஹரிஷ்குமார், அது வேலையை விட்டுப்போன டேரிலின் ஸ்கிரிப்ட்தானே என்று கேட்டார். தலையை ஆட்டியிருந்தால் போதும். ரெமிஜியஸ் எழுந்து நின்றார்.

"இல்ல சார். நான் எழுதினது. எர்ரர் வெளிய வராம பண்ணதும் நான்தான்."

வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. மறுநாள் அந்த நிலையத்துக்குப் போய், திரும்ப ரத்தம் கொடுக்க வந்தவர்களின் வரிசையைப் பார்த்தபடி ஒரு மணிநேரம் நின்றாராம். இதைச் சொன்னது பக்கத்து இருக்கை லாவண்யா. ரெமிஜியஸ் சொல்லவில்லை.

இப்போதெல்லாம், வேலை முடிந்தது என்ற பேச்சை மட்டும்தான் தள்ளுகிறார். பிழைகள் மெயிலில் வருகின்றன, காலையில் நூற்றைம்பதுக்குக் குறையாமல். அநேகமாக ஒன்றுமில்லாதவை. மதியத்துக்குள் கண் எரிகிறது.

அவரைப் பார்க்க நான் அலுவலகத்துக்குப் போயிருந்த அன்று, பாதியையாவது வடிகட்டிவிடலாமே என்று லாவண்யா மறுபடி கேட்டார்.

"எந்தப் பாதிம்மா?"

ரெமிஜியஸின் டீயில் ஆடை படிந்திருந்தது. அதை விரலால் ஒதுக்கி ஒரு வாய் குடித்துவிட்டு, அடுத்த மெயிலைத் திறந்தார்.