செவ்வாயும் வெள்ளியும்

அருஞ்சுனைக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எலிசபெத்து. திருச்சுழிக்குத் தெற்கே அவள் ஊரில் யார் வாயிலும் அது நுழையவில்லை. போதகரே இரண்டு மாதத்தில் அருஞ்சுனை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பம். புருஷன் தங்கசாமிக்கு நாற்பத்தொன்பது வயதில் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. அதிலிருந்து வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். முதல் பஸ்ஸில் போய், நாலு மணி நேரம் மிஷினில் கிடந்துவிட்டு, வெயில் தாழத் திரும்புவார்கள்.

ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சித்திரை வெயிலில் அரை லிட்டர்.

"ஒரு மடக்கு தா அருஞ்சுன. நாக்கு ஒட்டுது."

"காலையில குடிச்சாச்சுல்ல. இனிப் பொழுது சாயத்தான்."

"முட்டி போட்டு அழுகுறியே, ஒஞ் சாமிக்கு எரக்கமே கெடையாதா?"

அவர் ஒரு நாளும் சபைக்கு வந்தவரில்லை. அவள் செம்பை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அவர் கண் முன்னால் தானும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

ஜெபம்தான் ஓடவில்லை. முழங்காலில் நின்றால் தூங்கிவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர், தேவனை முழு இருதயத்தோடும் நேசிப்பதைப் பற்றிப் பேசினார். வீட்டுக்கு வந்து அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

"எங்கிட்ட எங்க ஆண்டவரே முழுசு இருக்கு? பாதி ஆஸ்பத்திரியில கெடக்கு, பாதி அலுப்புல கெடக்கு. இருக்கிறது இம்புட்டுத்தான். எடுத்துக்கிருங்க."

அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு அவளுக்கு வேறு ஜெபம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் பந்தல்குடி வெள்ளத்துரை. லாரி ஓட்டிய ஆள், கோபக்காரர், கூட வர ஆளில்லை. மிஷினை நிறுத்தி ஊசியை எடுத்ததும், எடுத்த இடத்தைப் பஞ்சு வைத்துக் கால் மணி நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவருக்குக் கை நடுங்கி, பஞ்சைத் தாண்டி ரத்தம் கசியும். ஒரு நாள் நர்ஸ் சுகப்பிரியா கேட்டாள்: "யக்கா, இவரு கையையும் செத்த நேரம் பிடிக்கிறீங்களா?"

இரண்டு கட்டிலுக்கும் நடுவே உட்கார்ந்து, ஆளுக்கொரு கையாகப் பிடித்தாள்.

"வேதக்காரியாம்மா நீ? என்னைய மாத்தலாம்னு பாக்காத" என்றார் வெள்ளத்துரை.

"இல்லைங்கய்யா. ஒக்கார எடம் கெடச்சதே எனக்குப் போதும்."

தங்கசாமி சிரித்துவிட்டார். அவர் சிரித்துப் பல மாதமாகியிருந்தது.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்தபடியே அவர் இறந்துபோனார். தூங்குகிறார் என்று நினைத்து, ஆஸ்பத்திரி ஸ்டாப் வரைக்கும் அவள் தோளை அசைக்கவில்லை. சொந்தக்காரர்கள் ஊர் வழக்கப்படி எரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை விடியுமுன்னே விழிப்பு வந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறினாள். துக்க வீட்டுப் பொம்பளை எங்கே போகிறாள் என்று தெருவே பார்த்தது.

தங்கசாமியின் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். வெள்ளத்துரை நிமிர்ந்து பார்த்தார். "எங்க, போன வாரத்துலருந்து ஒன் வீட்டுக்காரரக் காணோம்?"

"வெள்ளிக்கிழம போயிட்டாக."

அவர் பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப நீ எதுக்கும்மா வந்த?" என்றார்.

"தெரியலைங்கய்யா. கர்த்தர்தான் போகச் சொன்னாரா, காலு பழகிப்போச்சான்னே தெரியல. கையக் காட்டுங்க."

இரண்டு வருஷமாகிறது. கரி வேலைக்குப் போகிற நாள் போக, செவ்வாயும் வெள்ளியும் அங்கேதான். துணையில்லாமல் வருகிறவர்களின் கையைப் பிடிக்கிறாள், கழிப்பறைக்குக் கூட்டிப்போகிறாள், வாந்தியைத் துடைக்கிறாள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வருவதில்லையே என்று சபைப் பெண்களுக்கு வருத்தம். போதகரம்மா வீட்டுக்கே வந்து கேட்டார்.

"அங்க நாலு பேரு எனக்காகக் காத்துக் கெடப்பாகம்மா" என்றாள் அருஞ்சுனை. "நீங்க எனக்கும் சேத்து ஜெபம் பண்ணிருங்க."

சந்தோஷமாகப் போகிறாள் என்று சொல்ல முடியாது. முழங்கால் வீங்கியிருக்கிறது. உட்கார இடம் கிடைக்காத நாளில், பஸ் கம்பியைப் பிடித்தபடி அந்த நாலு பேரின் பெயரையும் ஒவ்வொன்றாக ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டே போகிறாள்.