சூசைக்கு ஒருநாள் ஷட்டவுன்

போச்சம்பள்ளி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சூசைக்கு மெயின்டெனன்ஸ் வேலை. மெஷின் கெட்டுப்போவதற்கு முன்பே எண்ணெய் மாற்றி, பேரிங்கைத் தட்டிப் பார்த்து, அந்தந்த மெஷினின் சோதனை அட்டையை நிரப்ப வேண்டும். உனக்கு எங்கே வலிக்கிறது என்று அவர் எந்த மெஷினையும் கேட்டதில்லை. தேதி வந்தால் திறந்து பார்த்துவிடுவார்.

மனிதனுக்கு அந்தச் சலுகை கிடையாது என்பது அவருக்கு நாற்பத்து மூன்றாவது வயதில்தான் தெரிந்தது.

அவருடைய அப்பாவைக் குடல் புற்றுநோய் நாற்பத்து நான்கு வயதில் கொண்டுபோனது. அண்ணனை நாற்பத்தாறில். பெங்களூரு டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, அதே பரம்பரைக் கோளாறு சூசைக்கும் இருக்கிறது என்றார். தினம் ஓர் ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்தார். அழற்சியைத் தணிக்கும் இந்தப் பழைய மாத்திரை, இப்படிப்பட்ட குடும்பங்களில் வருடக்கணக்காகச் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் குறைத்திருக்கிறதாம்.

"மாத்திரை போடறோம்னு டெஸ்ட்டை விட்டுடாதீங்க. கேமரா விட்டுக் குடலைப் பாத்தே ஆகணும். அப்புறம், உங்க பிள்ளைங்களுக்கும் இது வந்திருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு."

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் சூசை வீட்டில் சொல்லவில்லை. மகன் ரோஹனும் மகள் டெல்சியும் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தார்கள்.

கேன்டீனில் சாப்பிட்டதும் மாத்திரையை விழுங்குவார். ஊருக்கு அது தலைவலி மாத்திரை. மனைவிதான் அந்தத் தலைவலி என்று ஷிப்ட்டே பேசிச் சிரித்தது, வீட்டில் பவுலினாவின் காதுக்கும் வந்தது. இரண்டு நாள் ரசம் மட்டும் வைத்தாள்.

சூசை கம்பெனி நர்ஸ் ரேவதியிடம் போய் உண்மையைச் சொன்னார். அவள் கம்ப்யூட்டரில் 'என்ன தொந்தரவு' என்ற கட்டத்தைக் காட்டினாள்.

"தொந்தரவு ஒண்ணுமில்லம்மா. வரக்கூடாதுன்னுதான் போடறேன்."

"அப்படி ஒரு ஆப்ஷனே இல்லீங்களே அண்ணா" என்று சொல்லி, தலைவலி என்று தட்டிவிட்டாள். வேலை நேரத்தில் போடும் மாத்திரையைப் பதிய வேண்டும் என்பது கம்பெனி விதி; அதிலிருந்து தினமும் அதையே தட்டினாள்.

தொண்ணூறு தலைவலி சேர்ந்ததும் கம்ப்யூட்டர் மிரண்டுபோய் மேனேஜர் ஹரீஷ்குமாருக்குத் தகவல் அனுப்பியது. சூசையின் மிச்ச லீவையெல்லாம் பிடுங்கி, தலையை ஸ்கேன் எடுத்தார்கள். தலையில் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. கம்பெனியே அதைப் படித்துச் சந்தோஷப்பட்டது.

குடல் டெஸ்ட்டுக்கு வியாழக்கிழமை தேதி. சூசை லீவு கேட்டார்.

"தலையே க்ளியர் ஆயிடுச்சு. அப்புறம் அந்தப் பக்கம் எதுக்குப்பா பாக்கணும்? மெஷின் ஆடிட் முடியட்டும்" என்றார் ஹரீஷ்குமார்.

இந்தத் தேதியை விட்டால் அடுத்த தேதி நான்கு மாதம் கழித்துத்தான். அப்பாவும் இப்படித்தான், கரும்பு வெட்டு முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். சூசை மேனேஜர் அறையை விட்டு வெளியே வந்தார். நேரே போய் ஒரு மெயின்டெனன்ஸ் அட்டையை எடுத்தார்.

மெஷின்: சூசை. தயாரிப்பு: 1982, பாரூர். வேலை: உட்புறக் குழாய்ச் சோதனை. முதல்நாள் டேங்க் கழுவ வேண்டும். ஷட்டவுன்: வியாழன், ஒரு நாள்.

ஆடிட் நேரத்தில் எந்த மேனேஜர் மெயின்டெனன்ஸ் அட்டையை மறுப்பார்? ஹரீஷ்குமார் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

குடலில் இரண்டு சின்னச் சதைக் கட்டிகள் இருந்தன. டாக்டர் அங்கேயே அகற்றிவிட்டார். இன்னும் கெட்டுப்போகவில்லை, நல்ல சமயத்தில் வந்தீர்கள் என்றார். சூசை ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் அட்டையை முடித்துக் கொடுக்க வேண்டும். கடைசிக் கட்டம் இது: 'இதே மாடலில் வேறு மெஷின்கள் உண்டா? அவற்றையும் சோதிக்கவும்.' இருபது வருடமாக யோசிக்காமல் நிரப்பிய கட்டம். பேனாவைப் பிடித்தபடி ஒரு டீ ஆறும் நேரம் இருந்தார். பிறகு இரண்டு பெயர்களை எழுதினார்.

ஆடிட்டர் பக்கத்திலேயே நின்றதால் ஹரீஷ்குமார் இந்த முறை அட்டையைப் படித்தார்.

"ரோஹன், டெல்சி... எந்த லைன்லய்யா ஓடுது இது ரெண்டும்?"

"காலேஜ்ல படிக்குதுங்க சார்" என்றார் சூசை. "இன்னைக்குத்தான் அதுங்ககிட்ட சொல்லப்போறேன்."