பிரபுவின் மூன்றாம் மகள்

இருபத்திரண்டு வருடங்களாக அடுத்தவர் எழுதிய புத்தகங்களில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. வெள்ளைக்காரப் பேராசிரியர்கள் எழுதுவதை தி. நகரில் ஒரு கம்பெனி வாங்கி, பக்கம் கட்டி, அச்சுக்கு அனுப்புகிறது. அதற்கு முன் வரிவரியாகப் படித்துத் திருத்துகிறவள் நான், மயிலாப்பூரில் என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடி. காற்புள்ளியை நானே மாற்றலாம். தகவலில் மட்டும் கை வைக்கக் கூடாது. ஏதாவது இடித்தால் ஓரத்தில் எண் போட்டுக் கேள்வி எழுத வேண்டும். எழுதியவர் "சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்த வழக்கம் எனக்கு ஊறிப்போய்விட்டது.

போன ஐப்பசியில் வந்த புத்தகம், நானூறு வருடத்துக்கு முந்தைய ஸ்காட்லாந்துப் பிரபு ஒருவரின் வாழ்க்கை. கோட்டையும் நிலமும் உள்ள குடும்பம். எடின்பரோவில் நீதிபதியாக இருந்தவர், பிறகு அரசருக்காக டென்மார்க்குக்குத் தூது போனவர். முகப்புப் படத்தில் கறுப்பு உடையும் மடிப்பு மடிப்பான வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாக, தன்னை யாராலும் ஏமாற்ற முடியாது என்ற பார்வையோடு உட்கார்ந்திருந்தார். பார்த்த உடனே எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டிலும் ஒருத்திக்கு அந்தப் பார்வை உண்டு என்று என் கணவர் சொல்வார்.

பிரபுவுக்கு மூன்று பெண்கள். மூன்று கல்யாணத்தையும் அவரேதான் பேசி முடித்தார். ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் நீதிபதியின் மூளையோடு ஷரத்து ஷரத்தாக எழுதினார். மூன்றாம் மகளுக்குப் பதினேழு வயது. மாப்பிள்ளை பக்கத்து ஊர் நிலக்காரர். கல்யாணம் முடிந்த இரண்டாம் வாரமே பிரபு கப்பல் ஏறிவிட்டார்.

என் பெண்ணுக்கு அந்த வருடம் தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ஒரே பெண். மாப்பிள்ளை வீடு நங்கநல்லூர்; ஒரே பையன், சனிக்கிழமை தவறாமல் ஆஞ்சநேயர் கோவிலுக்குப் போகிற குடும்பம். விசாரித்தபோது ஒன்று மட்டும் இடித்தது. அந்தப் பையனுக்கு முன்பே ஒரு நிச்சயதார்த்தம் நடந்து நின்றுபோயிருந்தது. நேராகவே கேட்டேன். அந்தப் பெண் வீட்டுக்காரர்கள் சரியில்லை என்றார்கள். கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று என்று நான் மண்டபம் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

வைகாசியில் என் பெண் தரமணி வேலையை விட்டாள். அலைச்சல் தாங்கவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். ஆடியில் அவள் போன் ரிப்பேர் ஆனது, பிறகு சரியாகவே இல்லை. மாமியாருடைய போனில், ஸ்பீக்கர் போட்டுத்தான் அவள் பேசுவாள். சாப்பிட்டாயா என்றாலும், எப்போது வருகிறாய் என்றாலும் "நன்னா இருக்கேன்மா" என்பதுதான் பதில். வாயாடி என்று பள்ளிக்கூடத்தில் பெயர் வாங்கியவள் அவள். தலை தீபாவளிக்கு இரண்டு நாள் தங்குவதாகச் சொல்லி வந்தார்கள், மத்தியானச் சாப்பாடு ஆனதும் கிளம்பிவிட்டார்கள். ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்று அவளைக் கேட்டேன். டயட் என்று மாப்பிள்ளை சொன்னார். தலையில் எண்ணெய் வைக்க நான் கையைத் தூக்கியபோது அவள் சட்டென்று பின்னால் நகர்ந்தாள். அவர்கள் போன பிறகு கணவரிடம் சொன்னேன். புது ஆத்தில் பழகக் கொஞ்ச நாள் ஆகும், நோண்டாதே என்றார். நான் நோண்டவில்லை.

அடுத்த வாரம் புத்தகத்தின் கடைசியிலிருந்த வம்சாவளியைச் சரிபார்த்தேன். பிரபுவின் மூன்றாம் மகள் கல்யாணமான பதினோராம் மாதம் இறந்துவிட்டதாக அதில் இருந்தது. ஆறாம் அத்தியாயத்திலோ, அதற்கு அடுத்த குளிர்காலத்தில் பிரபு அவளுக்குக் கடிதம் எழுதுகிறார். ஏன் உன் கையெழுத்தில் ஒரு வரிகூட வருவதில்லை என்று கேட்கிறார். மருமகன் பதில் போடுகிறார்: அவள் சௌக்கியம், மணிக்கட்டில் வலி, ஓய்வெடுக்கிறாள். இப்படி ஒரு தவறு அகப்பட்டால் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் வரும், அன்றைக்கும் வந்தது. இரண்டில் எதைத் திருத்துவது என்று ஓரத்தில் கேள்வி போட்டு அனுப்பினேன்.

கார்த்திகை தீபத்தன்று காலை பதினோரு மணிக்குப் பொரி உருண்டையும் அப்பமும் எடுத்துக்கொண்டு நங்கநல்லூர் போனேன். சொல்லாமல் போனேன். சம்பந்தி மாமி கம்பிக் கதவைப் பாதி திறந்து அங்கேயே நின்றாள்.

"அவ தூங்கிண்டிருக்கா மாமி. ராத்திரியெல்லாம் தலைவலி. எழுப்பட்டுமா?"

முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் அவள் கதவை விட்டு நகரவில்லை. என் பெண் காய்ச்சலில்கூடப் பகலில் தூங்கமாட்டாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், சம்பந்தி வீட்டு வாசலில் ரசாபாசம் வேண்டாம் என்று பட்டது. வேண்டாம் மாமி, தூங்கட்டும் என்று சொல்லிப் பாத்திரத்தைக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை ஸ்காட்லாந்திலிருந்து பதில் வந்திருந்தது. புத்தகத்தை எழுதிய அம்மாளுக்கு வயதாகிவிட்டது, எல்லாக் கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் எழுதுகிறவர். இரண்டுமே சரி, எதையும் திருத்த வேண்டாம் என்று எழுதியிருந்தார். அந்தக் காலத்துச் சட்டப்படி, கல்யாணமாகி ஒரு வருடமும் ஒரு நாளும் முடிவதற்குள் பிள்ளை பெறாமல் பெண் இறந்துவிட்டால், அவளோடு கொடுத்த சீதனம் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிடும். அதனால் அவள் செத்ததை மருமகன் வெளியே சொல்லவில்லை. தகப்பனார் கடல் தாண்டி இருந்தது மருமகனுக்கு வசதியாகப் போயிற்று. அதே சட்டத்தை வைத்துப் பிரபு நீதிமன்றத்தில் எத்தனையோ பேருக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். மகளைப் பற்றிக் கேட்டார், பதில் வந்தது, நம்பினார். இறந்தவளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பதினான்கு இருக்கின்றன என்று அந்த அம்மாள் முடித்திருந்தார்.

நான் எழுந்து நின்றேன். என் பெண்ணுக்குக் கல்யாணமாகிப் பதினோராம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பிரபுவுக்காவது நடுவில் ஒரு கடல் இருந்தது. எனக்குக் கிண்டியைத் தாண்டினால் நங்கநல்லூர். கணவர் பேப்பரை மடக்கிவிட்டு எங்கே என்று கேட்டார். பதில் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது, சொன்னால் என்னைத் தடுத்துவிடுவார் என்று. வீட்டுப் புடவையோடு இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

சம்பந்தி மாமி அதே கம்பிக் கதவைப் பாதி திறந்து, அதே இடத்தில் நின்றாள். என் பெண் தூங்குவதாகச் சொன்னாள். இந்த முறை எழுப்பட்டுமா என்று கேட்கவில்லை.

"பரவாயில்லை மாமி. தூங்கறவளைப் பாத்துட்டுப் போறேன்."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். வாழ்க்கையில் ஒருவரை இடித்துத் தள்ளியது அதுதான் முதல் தடவை. ஹாலைத் தாண்டிக் கடைசி அறை. கதவில் வெளிப்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டிருந்தது. பின்னால் மாமி என்னவோ சொல்லிக்கொண்டே வந்தாள், டாக்டர் என்றாள், மாத்திரை என்றாள், பிள்ளையை ஆபீசிலிருந்து கூப்பிடப்போவதாகச் சொன்னாள். தாழ்ப்பாள் இறுக்கமாக இருந்தது. இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவைதான் திறந்தது.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தூங்கவில்லை. இடது கன்னத்தில் காதுவரைக்கும் ஒரு மஞ்சள் தடம், பழைய அடி. என்னைப் பார்த்து அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள், அவ்வளவுதான். மணிக்கட்டைப் பிடித்து, செருப்புகூடத் தேடாமல், காத்திருந்த ஆட்டோவில் ஏற்றினேன். மாமி வாசல்வரை வந்து, அக்கம்பக்கத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஆலந்தூர் தாண்டும்வரை நான் என்னென்னவோ சொன்னேன், எனக்கு எதுவுமே தெரியாது, தெரிந்திருந்தால் அன்றைக்கே வந்திருப்பேன் என்றெல்லாம். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கார்த்திகை அன்னிக்கு உன் குரல் கேட்டுதும்மா," என்றாள். "கதவைத் தட்டலாம்னு எழுந்தேன். அதுக்குள்ள நீ தூங்கட்டும் மாமின்னு சொல்லிட்டே."

மயிலாப்பூரில் எந்தத் தெரு என்று ஆட்டோக்காரர் கேட்டார். அவள்தான் சொன்னாள்.