மாமா எடுத்த ராக் கோஷ்டி

மாடி வீட்டுப் பையன் கிதார் வாசித்தால் எனக்கு மாமாவின் போட்டோ ஸ்டூடியோவில் படம் கழுவும் ஹைப்போ மருந்தின் நெடி வந்துவிடுகிறது.

எழுபதுகளில், காஞ்சிபுரத்துத் தறி வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் ராக் கோஷ்டி தொடங்கி, முதல் படத்துக்கு அவரிடம் வந்தார்கள். பெல்பாட்டத்துக்கு மேல், அம்மாக்கள் போர்த்திவிட்ட பட்டு அங்கவஸ்திரம். கல்யாணப் படத்துக்கு நிற்பதுபோல் விறைத்து நின்றார்கள்.

எல்லாரையும் அசையாதே என்று அதட்டும் மாமா, அன்று, "அத்த கழட்டிட்டு வாசிங்கபா. நான் எடுத்துக்கினு இருக்கறேன்" என்றார்.

கழுவிய படத்தில் முகங்கள் பளிச்சென்று இருந்தன. கிதார்காரனின் கை மட்டும் புகையாய்க் கலைந்திருந்தது.

"படம் ஆடிப்போச்சே மாமா" என்றேன்.

"கை தெளிவா வுழுந்தா பாட்டு நின்னுபோன மாதிரி இருக்கும்மா."

ஷோகேஸிலிருந்த மணப்பெண் படத்தை எடுத்துவிட்டு அதை மாட்டினார்.

அவர்கள் வாசித்த பாட்டு மறந்துவிட்டது. அந்தக் கை இன்னும் நிற்கவில்லை.