சொம்பும் பம்பாய் மெயிலும்

திண்டிவனம் ஸ்டேஷன் குழாயடியில் புஷ்பதந்த நயினார் குந்தியிருக்கிறார். பித்தளைச் சொம்பின் வாயில் நாலாக மடித்த வெள்ளைத் துணி. அதன் மேல் குழாய்த் தண்ணீர் மெல்ல விழுகிறது. சொம்பு நிறைந்ததும் துணியைத் திருப்பிப் பிடித்து, வடிகட்டிய தண்ணீரில் கொஞ்சம் அதன் மேல் ஊற்றி, வழிவதை ஒரு சின்ன லோட்டாவில் பிடித்துக்கொள்கிறார். இப்போது லோட்டாவில் இருப்பவை நம் கண்ணுக்குத் தெரியாத ஜீவராசிகள். அவை எந்தத் தண்ணீரிலிருந்து வந்தனவோ அந்தத் தண்ணீரிலேயே கொண்டுபோய் விட வேண்டும். "இது எந்தக் கெணத்துத் தண்ணி?" என்று போர்ட்டர் கன்னியப்பனைக் கேட்கிறார். பத்து வருஷமாக இதே கேள்வி. பத்து வருஷமாகக் கன்னியப்பனும் கோபித்துக்கொள்ளாமல் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் அதே கிணற்றைக் காட்டுகிறான்.

செஞ்சிக்கு ரெயில் கிடையாது. மூன்று மலையும் ஒரு கோட்டையும் இருக்கின்றன. ரெயிலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடித்துத் திண்டிவனம் போக வேண்டும். இந்த ஊரில் ரெயில்வே கைடு வாங்குகிற ஒரே ஆள் நயினார்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பத்திரிகைக் கடை வைத்திருக்கும் எனக்கு அது தெரியும், ஏனென்றால் அவர் ஒருவருக்காகத்தான் அதை வரவழைக்கிறேன். புதுக் கைடு வந்த அன்று கடை வாசலிலேயே நின்று புரட்டுவார். எந்த வண்டி எந்த ஸ்டேஷனுக்கு எப்போது வருகிறது என்று பார்ப்பது நம் வழக்கம். பொழுது சாய்ந்தால் சாப்பிடாத அவர் பார்ப்பது வேறு: பொழுது சாய்கிற நேரத்துக்கு வண்டி எங்கே இருக்கும், அதற்குள் சாப்பாட்டை முடிக்க முடியுமா?

சொந்த ஊர் சமண மடம் இருக்கும் மேல்சித்தாமூர். செஞ்சிக் கடைவீதியில் பாத்திரக்கடை. அண்டா, குண்டான், குத்துவிளக்கு, உத்தரத்திலிருந்து தொங்கும் சொம்புகள். வியாபாரத்தில் பேரம் கிடையாது, ஆனால் ஒரு தொல்லை உண்டு. மழைக்காலத்துச் சாயங்காலம் ஈசல் வந்தால் பல்பை அணைத்துவிடுவார். வந்தவர்கள் இருட்டில் தடவிப் பார்த்துத்தான் பாத்திரம் வாங்க வேண்டும். தொண்டூர் பவுனம்மாள் ஒரு தடவை அப்படித் தடவி ஓட்டைக் குடம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் கொடுத்த கச்சேரியை வீதியே கேட்டது. நயினார் வேறு குடத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, "ஈசலுக்கு ஆயுசே ஒரு ராத்திரிம்மா. உனக்குக் கொடம் மாத்திக்கலாம்" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படிப்பட்ட மனுஷர்.

கடையில் அவர் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு தடவை அவருடன் சென்னைக்குப் போனேன். அச்சிறுபாக்கம் தாண்டுவதற்குள் ஆளே மாறிவிட்டார். சப்பணம் போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவர், மதுராந்தகம் ஏரி மறைகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா தாண்டவராயா, ஏறிக் குந்திட்டேன்னா எனக்கு ஒரு ஜோலியும் கெடையாது. வண்டி போவும், நான் பார்த்துனு இருப்பேன். இதைவிட சொகம் இன்னா இருக்குது?" என்றார் கடைசியில். எங்கள் எதிரில் இருந்தவர் கரித்தூள் விழுந்த கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

இவருடைய ஒரே மகன் சந்திரப்பிரபு பம்பாயில் ஒரு விமானக் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தான். பெற்றோருக்குப் பிளேன் டிக்கெட் சும்மா கிடைக்கும். வருஷா வருஷம் அனுப்புவான். வருஷா வருஷம் நயினார் அதே கவரில் திருப்பி அனுப்பிவிட்டு ரெயிலில் போய் வருவார். மனைவி லீலாவதி அம்மாளுக்கு இழுப்பு. எஞ்சின் புகை ஆகாது. அவர் போவதில்லை.

நான் வம்புக்கு இழுப்பேன். "ஏன் நயினாரே, ரெயிலு மட்டும் காத்துலயா ஓடுது? கரி எரியலையா? அந்தக் கரியில எத்தனை பூச்சி இருந்துச்சோ!"

"எரியுது. இல்லன்னு சொன்னனா? ஆனா எண்ணூறு பேரு சேர்ந்து போறோம். பாவத்தை எண்ணூறா பிச்சிக்கலாம். பிளேன்ல நாப்பது பேரு. என் பங்கு எவ்ளோ ஆவுது, நீயே சொல்லு. அதும் இல்லாம, பட்சிங்க போற வழியில நமக்கு இன்னா வேலை?"

இன்னொரு சந்தேகமும் வைத்திருந்தார். "கீழ பொழுது போயிடுச்சின்னு வெச்சிக்க. மேல இன்னும் வெயில் அடிக்குமாம், என் பையனே சொல்றான். அந்நேரம் சாப்புடலாமா, கூடாதா? யாரைக் கேக்கறது? பிளேன் ஓட்டறவனையா?"



இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் அறுபத்துமூன்று வரை இருந்தது. அந்த வருஷம் சந்திரப்பிரபுவை மூன்று வருஷத்துக்கு நைரோபிக்கு மாற்றினார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி பிளேன். டிக்கெட் வைத்து எழுதியிருந்தான். நயினார் வழக்கம்போல் டிக்கெட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, சென்னை போய்ப் புதன் ராத்திரி பம்பாய் மெயிலில் ஏறினார். வெள்ளி காலை பம்பாய். நாள் முழுக்கப் பையனோடு இருக்கலாம். கைடுப்படி ஒரு குறையும் இல்லை.

வியாழன் பகலில் குண்டக்கல். சொம்பு காலி. வடிகட்டாத தண்ணீரை ஒரு சொட்டும் குடிக்க மாட்டார். வடிகட்டிய தண்ணீரை வீட்டிலிருந்து கொண்டுபோக முடியாது. இரண்டு நாழிகை தாண்டினால் அதில் மறுபடி உயிர் உண்டாகிவிடும் என்பது சமணர்கள் நம்பிக்கை. இறங்கி வடிகட்டினார். அந்த ஊரில் கன்னியப்பன் இல்லை. தெலுங்கும் தெரியாது. சைகை காட்டிக் கேட்டதில், கிணறு எஞ்சின் ஷெட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது தெரிந்தது. பாதி தூரம் போவதற்குள் ஊதிவிட்டார்கள். ஓடி வந்து ஏறிவிட்டார். மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகு பார்த்தால் லோட்டா கையில் இருக்கிறது, அதில் குண்டக்கல் கிணற்றுத் தண்ணீர்.

அடுத்த ஸ்டேஷனில் பெட்டி படுக்கையோடு இறங்கிவிட்டார். சாயங்காலம் ஒரு பாசஞ்சரைப் பிடித்துத் திரும்பிப் போய், கிணற்றைத் தேடிக் கண்டுபிடித்து, லோட்டாவைக் கயிற்றில் கட்டி இறக்கித் தண்ணீர் மட்டத்தில் சாய்த்துவிட்டு, மறுநாள் மெயிலில் ஏறினார். சனிக்கிழமை காலை பம்பாயில் இறங்கியபோது பையன் போய்விட்டிருந்தான்.

திரும்பி வந்து இதை அவர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்ற பிள்ளை அங்கே வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், இவர் இங்கே லோட்டாத் தண்ணீரை வைத்துக்கொண்டு எதிர் வண்டிக்கு நிற்கிறார்! வாய்விட்டே கேட்டேன்.

"வேற தண்ணியில உட்டா செத்துப்பூடும். கையில வெச்சினு இருந்தாலும் வெயில்ல செத்துப்பூடும். தெரிஞ்சே எப்பிடிடா?" என்றார். குரல் உயரவில்லை.

நைரோபியிலிருந்து ஒரே ஒரு கடிதம் அவர் பெயருக்கு வந்தது. என்னிடம் காட்டினார். 'நைனா, அந்த லோட்டாவில் இருந்ததெல்லாம் உயிர். நான் இல்லையா?' அவ்வளவுதான் எழுதியிருந்தான். அந்தக் கடிதம் கைடில், பம்பாய் மெயில் பக்கத்தில் இருக்கிறது. புதுக் கைடு வாங்கும்போதெல்லாம் பழசிலிருந்து எடுத்துப் புதுசில் வைத்துக்கொள்கிறார்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அம்மா பெயருக்கு. லீலாவதி அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. நயினார்தான் படித்துக் காட்டுவார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாத கடிதத்தை ஒரு வார்த்தை விடாமல் படிப்பார்.

இந்தச் சித்திரையில் அப்படி ஒரு கடிதம் வந்தது. நைரோபியிலிருந்து ஹாங்காங்குக்கு மாற்றல், இன்னொரு மூன்று வருஷம். வழியில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பகல் மட்டும் பம்பாய், ராத்திரியே பிளேன். கடைசியில் இரண்டு வரி: 'நைனாவுக்கு டிக்கெட் வைத்திருக்கிறேன். அன்று போல் ஆகாது என்றால் வரச் சொல். இல்லாவிட்டால் நான் காத்துக்கொண்டிருக்க மாட்டேன்.'

அந்த ஒரே கடிதத்துக்குப் பிறகு அவன் எழுதியதில் 'நைனா' என்ற வார்த்தை வந்தது இதுதான் முதல் தடவை. படிக்கும்போது அந்த இடத்தில் நின்றுவிட்டாராம். லீலாவதி அம்மாள் சொன்னார்.

"இந்த ஒரு தபா ஏறிடுங்களேன்" என்று அந்த அம்மாள் கெஞ்சியிருக்கிறார். "உங்க பங்குப் பாவத்துல பாதி என் பேருக்கு வெச்சிக்குங்க."

மூன்றாம் நாள் நயினார் என் கடைக்கு வந்து, போன மாசம் வாங்கிய கைடு சரியாக இருக்கிறதா, வேளை ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. ஊரிலும் தெரிந்துவிட்டது. "கெழவனுக்குப் புத்தியே வராது" என்று கடைவீதியில் பேசிக்கொண்டார்கள். அவர் காதிலும் விழுந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். ஒரு துணிப்பை, அதற்குள் கைடு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வெயில் ஏழு மணிக்கே கோட்டை மலையான ராஜகிரியின் பாறையைச் சூடேற்றத் தொடங்கிவிட்டது. நான் கடையை விட்டு எழுந்து போய் ஜன்னலருகே நின்றேன்.

"நயினாரே, மறுபடி குண்டக்கல் வருமே?"

"வரட்டும். எறங்கினாத்தானே வண்டி உட்டுட்டுப் போவும்?"

"ரெண்டு ராத்திரி, ஒரு பகல். தண்ணிக்கு இன்னா பண்ணுவீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் லீலாவதி அம்மாள் மூச்சு இரைக்க ஓடி வந்தார். கையில் சொம்பு, அதற்குள் லோட்டா, தோளில் வெள்ளைத் துணி. "மறந்துட்டு வந்துட்டீங்களே! வூட்லயே வெச்சிட்டு வந்துட்டீங்க!" என்று ஜன்னல் வழியே நீட்டினார்.

நயினார் வாங்கிக்கொண்டார். துணியை நாலாக மடித்து லோட்டாவுக்குள் வைத்தார். லோட்டாவைச் சொம்புக்குள் வைத்தார். டிரைவர் ஏறி ஹார்ன் அடித்தான். நயினார் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, மனைவியின் இரண்டு கைகளிலும் சொம்பைத் திருப்பி வைத்து, அவர் விரல்களைப் பிடித்து அதன்மேல் மூடிவிட்டார்.