கைப்பையோடு ஓர் எடை

ஹனோவர் ரயில் நிலையம், வெள்ளிக்கிழமை பிற்பகல். டிசம்பர் வெயில் மூன்று மணிக்கே மங்குகிறது. நடைமேடையில் இருக்கும் எடை இயந்திரத்தில் ஒரு பருத்த அம்மாள் ஏறி நின்று, முள் எங்கே நிற்கிறது என்று என்னைக் கேட்கிறார். கண்ணாடியை மறந்துவிட்டாராம்.

நான் பௌதிகம் படிப்பவன். தப்பான எடை எனக்கு ஆகாது. "கைப்பையைக் கீழே வையுங்கள்," என்கிறேன்.

"சீக்கிரம் சொல்லுங்கள். பொழுது சாய்ந்தால் எங்களுக்கு ஓய்வு நாள். யூதர்கள் அப்போது எடை பார்க்க மாட்டோம்."

ஜெபக்கூடத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து உடம்பைக் குறைக்கிறார்களாம். ரொட்டியைத் தொட்டே ஒரு மாதம் ஆகிறது என்று பெருமையாகச் சொல்லியபடி பையைத் திறக்கிறார். உள்ளே காகிதத்தில் சுற்றிய கறுப்பு ரொட்டி.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "சாப்பிடாத ரொட்டி எதற்கு?"

"கையில் இருக்கத்தான். நாஜி முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு, ரொட்டி இல்லாமல் நான் எங்கும் போனதில்லை."

"எடை பார்க்கும் வரை நான் வைத்திருக்கிறேனே?" என்று கையை நீட்டுகிறேன். அவர் சட்டென்று பையை மார்போடு அணைத்துக்கொள்கிறார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், "எழுபத்தெட்டு" என்கிறேன்.

"ஒரு கிலோ குறைந்திருக்கிறது!" என்று சிரித்தபடி இறங்குகிறார்.

பின்னால் நின்ற அவருடைய தோழி ஏறுகிறார். அவரும் கைப்பையைக் கீழே வைக்கவில்லை.